சீனியர் விட்டுப்போன கேள்வி: கான்பூர் பி.டெக். புராஜெக்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஐ.ஐ.டி. கான்பூரிலிருந்து ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று, துறையின் முன்னணி வல்லுநர்கள் சிலருக்கு மின்னஞ்சலில் போனது. தலைப்பு ‘பிரைம்ஸ் இஸ் இன் பி’; பகா எண்ணா என்று சோதிக்க வேகமான, உறுதியான வழி உண்டு என்று அதற்குப் பொருள். மேலே மூன்று பெயர்கள்: மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. அகர்வால் அங்கே கணினி அறிவியல் பேராசிரியர். மற்ற இருவரும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்தவர்கள். மறுநாளே அமெரிக்காவில் எண்கோட்பாட்டு வல்லுநர் கார்ல் பாமரன்ஸ் கட்டுரையைச் சரிபார்த்து, சரி என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. 2004இல் ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்’ இதழின் 160ஆம் தொகுதியில் வெளியானது. 2006இல் கணினி அறிவியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு, அதே ஆண்டில் கணிதத்துக்கான ஃபுல்கர்சன் பரிசு.

ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்பதை எந்தச் சந்தேகமும் எஞ்சாமல், எந்த நிரூபிக்கப்படாத கருதுகோளையும் நம்பாமல், வேகமாகக் கண்டுபிடிக்க முடியுமா? பல பத்தாண்டுகளாக நின்றுகொண்டிருந்த கேள்வி அது. முடியும் என்று அந்த ஒன்பது பக்கங்கள் காட்டின.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் முகத்தில் இரண்டு உணர்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் வியப்பு. அப்புறம் ஒரு சோர்வு. ‘அவங்க ஐ.ஐ.டி. சார், ஒலிம்பியாட் போனவங்க’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். உண்மைதான். கயாலும் சக்சேனாவும் 1997 சர்வதேச கணித ஒலிம்பியாடுக்கு இந்தியா அனுப்பிய அணியில் இருந்தவர்கள். அந்த இடத்தில் நின்று பார்த்தால் இந்த நிகழ்வில் நமக்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். அதில் 2001 ஏப்ரலில் எழுதப்பட்ட ஒரு பி.டெக். புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கிறது. எழுதியவர்கள் ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இவர்கள் பெயர் இல்லை. பரிசு மேடையிலும் இல்லை. ஆராய்ச்சியில் முதல் அடி எடுத்து வைக்கும் இளநிலை மாணவருக்கு நான் முன்மாதிரியாகக் காட்ட விரும்புவது இந்த 2001 அணியைத்தான். ஏன் என்று சொல்வதற்காகத்தான் இந்த நிகழ்வை முதலிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

கேள்வி எங்கிருந்து வந்தது

அகர்வால் பி.டெக். படித்ததும் கான்பூரில்தான், முனைவர் பட்டம் வாங்கியதும் அங்கேதான். அவருடைய வழிகாட்டி சோமநாத் பிஸ்வாஸ். பட்டம் வாங்கிய பிறகு, 1993 முதல் 1995 வரை அகர்வால் சென்னையில் இருந்தார். ஸ்பிக் சயின்ஸ் ஃபவுண்டேஷன் நடத்திய கணிதப் பள்ளியில் ஆய்வாளர். இன்றைக்குச் சிறுசேரியில் சென்னை கணிதக் கழகமாக வளர்ந்து நிற்பது அந்தப் பள்ளிதான். பிறகு ஜெர்மனியில் உல்ம் பல்கலைக்கழகம், அங்கிருந்து திரும்பவும் கான்பூர்.

1999இல் அகர்வாலும் பிஸ்வாஸும் சேர்ந்து பகா எண்ணைச் சோதிக்கப் புது வழி ஒன்றைச் சொன்னார்கள். குலுக்கல் கலந்த வழி அது. அதாவது நடுவில் எதையோ தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. விடை தவறாக இருக்க ஒரு சின்ன வாய்ப்பு எப்போதும் எஞ்சியிருந்தது. அந்த வகைச் சோதனைகள் அதற்கு முன்பே இருந்தன. சோலோவே, ஸ்ட்ராசன் 1977இல் சொன்னார்கள். மில்லர் 1976இல் போட்ட வழியை ராபின் 1980இல் குலுக்கல் வழியாக மாற்றினார். புதியது என்னவென்றால், 1999இன் வழி நின்ற அடித்தளம். அது பள்ளியில் படித்த பாஸ்கல் முக்கோணம்.

ஆக, 2001இல் மாணவர்கள் அகர்வால் அறைக்குள் நுழைந்தபோது மேசையில் கேள்வி தயாராக இருந்தது. அந்தக் குலுக்கலை எடுத்துவிட முடியுமா? இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘புதுசா ஒரு டாபிக் குடுங்க சார், யாரும் செய்யாததா இருக்கணும்’ என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறார்கள். யாரும் செய்யாத தலைப்பு என்றால் படிக்க முன்கட்டுரை இருக்காது, சந்தேகம் கேட்க சீனியர் இருக்க மாட்டார், தவறினால் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது. கான்பூரில் அந்த மாணவர்கள் எடுத்தது பேராசிரியர் தன் குருவோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் எழுதிய கட்டுரையின் மிச்சம்.

பாஸ்கல் முக்கோணமும் பல்லாங்குழியும்

அந்த மிச்சம் என்ன என்று கையால் செய்து பார்த்துவிடலாம். பேனா, பேப்பர் போதும்.

பாஸ்கல் முக்கோணத்தில் 5ஆம் வரிசை: 1, 5, 10, 10, 5, 1. இரண்டு ஓரத்து ஒன்றுகளை விட்டுவிட்டால் நடுவில் உள்ள எல்லாமே 5ஆல் வகுபடும். 4ஆம் வரிசை: 1, 4, 6, 4, 1. நடுவில் உள்ள 6, 4ஆல் வகுபடாது. 6ஆம் வரிசை: 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15 வகுபடாது, 20 வகுபடாது. ஒரு எண்ணின் வரிசையில் நடுவில் உள்ள எல்லாம் அந்த எண்ணால் வகுபட்டால் அது பகா எண். ஒன்றாவது வகுபடாவிட்டால் பகு எண். இது இரண்டு பக்கமும் உண்மை. விதிவிலக்கே கிடையாது.

பிறகென்ன, சோதனை கிடைத்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் நூறு இலக்க எண் ஒன்றை எடுத்தால் அதன் வரிசையில் அந்த எண்ணை விட ஒன்று கூடுதலான உறுப்புகள் இருக்கும். பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களை விட அதிகம். எழுதி முடியாது.

அதனால் வரிசையை மடிக்கிறார்கள். எனக்கு இது பல்லாங்குழி போலத்தான் தெரிகிறது, வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று குழி உள்ள பலகையை வைத்துக்கொள்ளுங்கள். 4ஆம் வரிசையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டுக்கொண்டே வாருங்கள். முதல் குழியில் 1, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 6, மறுபடி முதல் குழியில் 4, இரண்டாவதில் 1. கூட்டினால் குழிகளில் 5, 5, 6. நான்கால் வகுத்த மீதி 1, 1, 2. நான்கு பகா எண்ணாக இருந்திருந்தால் நடு உறுப்புகள் எல்லாம் மீதியில்லாமல் மறைந்து, ஓரத்து ஒன்றுகள் மட்டும் தங்கியிருக்கும். முதல் குழியில் ஒன்று, இரண்டாம் குழியில் ஒன்று, மூன்றாவது காலி. ஆனால் மூன்றாம் குழியில் 2 கிடக்கிறது. மாட்டிக்கொண்டது.

5ஆம் வரிசையைப் போட்டால் 11, 10, 11. ஐந்தால் வகுத்த மீதி 1, 0, 1. ஓரத்து ஒன்றுகள் இருக்க வேண்டிய குழிகளில் இருக்கின்றன, நடுக்குழி காலி. தேறிவிட்டது.

வரிசை எவ்வளவு நீளமானாலும் இனி நாம் தூக்கிச் சுமப்பது மூன்று எண்களைத்தான். மடித்துக்கொண்டே பெருக்குவதற்கு வேகமான வழி உண்டு, முழு வரிசையையும் எழுத வேண்டியதில்லை. ஆனால் மடிப்பில் தகவல் தொலைகிறது. பகு எண் ஒன்று மடிப்பில் ஒளிந்துகொண்டு பகா எண் போல வேஷம் போடலாம். ஒரே ஒரு குழி வைத்தால் இது பழைய ஃபெர்மா சோதனைதான்: இரண்டை அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி இரண்டு வருகிறதா என்று பார்ப்பது. 341 அதில் தேறிவிடும். ஆனால் 341 என்பது 11 பெருக்கல் 31.

1999 கட்டுரையில் எப்படி மடிப்பது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2001 அணிக்கு வந்த கேள்வி இது: குலுக்காமல், இப்படி வட்டமாக நேராக மடித்தால் என்ன ஆகும்? எத்தனை குழி வைத்தால் எந்தப் பகு எண்ணும் தப்பாது?

(பாஸ்கல் வரிசை என்பது x + 1 என்ற கோவையை அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் வருவது. அவர்கள் கூட்டலுக்குப் பதில் கழித்தல் குறி உள்ள கோவையை வைத்துச் செய்தார்கள். கையால் போட எளிது என்பதால் நான் கூட்டலை எடுத்திருக்கிறேன். மடிப்பு ஒன்றுதான்.)

2001 அணி செய்தது

பட்டாச்சார்ஜியும் பாண்டேயும் தேற்றம் எதையும் நிரூபித்துவிடவில்லை. கேள்வியைப் பல பக்கமும் புரட்டிப் பார்த்து, கடைசியில் ஓர் ஊகத்தை எழுதிவைத்தார்கள். சுருக்கமாக: குழிகளின் எண்ணிக்கை சோதிக்கப்படும் எண்ணை வகுக்காமல் இருந்து, எண் அந்தக் குழிகளில் தேறிவிட்டால், அது பகா எண், இல்லையென்றால் அந்த எண்ணின் வர்க்கத்தைக் குழிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மீதி 1 வரும். அந்த ‘இல்லையென்றால்’ பகுதியைத் தவிர்க்கிற மாதிரி குழிகளைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஆகவே ஊகம் மட்டும் உண்மையானால், பெரிய கேள்வி முடிந்தது. அதுவும் மிக வேகமான சோதனையோடு.

எழுதிவைத்துவிட்டு, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் துறையில் இதே நிலையில் முடிந்த புராஜெக்டுகள் எத்தனையோ உண்டு. பெரும்பாலும் என்ன நடக்கும் தெரியுமா? ‘முடிவுரை’ என்று ஒரு பக்கம் எழுதி, ‘இதன்மூலம் வெற்றிகரமாக ஆராயப்பட்டது’ என்று முடித்து, கறுப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து போட்டு பைண்டு செய்துவிடுவார்கள். முடியாத இடம் எது, எங்கே வழி அடைபட்டது, அடுத்தவர் எதைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. வைவாவில் மதிப்பெண் குறையும் என்ற பயம். அந்தப் பயத்தை வளர்த்ததில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்கு உண்டு என்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2001 ரிப்போர்ட் ஒரு கேள்வியைத் தெளிவாக விட்டுப்போனது. யாரும் எடுத்துச் சோதிக்கக்கூடிய, சரியா தவறா என்று பார்க்கக்கூடிய கேள்வி.

2002 அணி

அடுத்த ஆண்டு கயாலும் சக்சேனாவும் அகர்வாலிடம் புராஜெக்டுக்கு வந்தார்கள். சீனியர்களின் ஊகம் கைக்கு வந்தது. அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். குழிகளின் எண்ணிக்கை 100 வரை, எண்கள் ஆயிரம் கோடி வரை. ஒரு விதிவிலக்கும் அகப்படவில்லை.

இந்த வேலையை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். இளநிலை மாணவரால் உடனே கை வைக்க முடிகிற வேலை இதுதான். ஆழமான எண்கோட்பாடு தெரியாது, சரி. ஆனால் ஒழுங்காக நிரல் எழுதத் தெரியும், இரவெல்லாம் ஓடவிட்டு விடியலில் விடையைப் பார்க்கும் பொறுமை உண்டு. அப்படிக் கையால் தொட்டுத் தொட்டுத்தான் எண்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற பழக்கம் வருகிறது. எங்கள் ஊரில் நெசவு கற்றுக்கொள்ளப் போகிறவனை முதல் நாளே தறியில் உட்கார வைக்க மாட்டார்கள். தார் சுற்றச் சொல்வார்கள். நூலின் முறுக்கு விரலுக்குத் தெரிந்த பிறகுதான் தறி.

2002 ஏப்ரலில் அவர்களும் பி.டெக். ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘பல்லுறுப்பு நேரத்தில் முடியும் உறுதியான பகா எண் சோதனையை நோக்கி’ என்று வரும். பல்லுறுப்பு நேரம் என்றால், எண்ணின் இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாத வேகம். அந்த ‘நோக்கி’ என்ற சொல்லை நான் வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. உலகமே பேசப்போகிற தேற்றத்துக்கு நான்கு மாதம் முன்னால்கூட அவர்கள் ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று எழுதவில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டவில்லை. நோக்கிப் போகிறோம், இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

புராஜெக்ட் மதிப்பெண் வந்தாயிற்று. அந்தக் கோடையில் வேலையை விடாமல் தொடர்ந்தார்கள். இருவரும் அங்கேயே அகர்வாலிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர இருந்தவர்கள். திருப்பம் வந்தது அந்தக் கோடையில்தான்.

அதுவரை செய்துகொண்டிருந்தது: கோவை ஒன்றுதான், குழிகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்ப்பது. இப்போது அதைத் தலைகீழாக்கினார்கள். பொருத்தமான குழி எண்ணிக்கை ஒன்றைத் தேர்ந்து அதை நிலையாக வைத்துக்கொண்டு, கோவையில் உள்ள 1ஐ 2, 3, 4 என்று மாற்றிக்கொண்டே போவது. ஒரே பலகையில் பல ஆட்டங்கள். எல்லாவற்றிலும் தேறுகிற எண் ஒன்று இருந்தால், அந்தத் தேர்ச்சிகளை ஒன்றோடொன்று பெருக்கிப் புதுத் தேர்ச்சிகளைப் பெறலாம். அவை பெருகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இருக்க வேண்டியதை விட அதிகமாகிவிடும். எண் பகா எண்ணாகவோ, ஒரு பகா எண்ணின் அடுக்காகவோ இருந்தால்தான் அது சாத்தியம். அடுக்கா என்பதைத் தனியாகச் சோதித்து விலக்கிவிடலாம். இதுதான் நிரூபணத்தின் உயிர்.

பொருத்தமான குழி எண்ணிக்கை கட்டாயம் கிடைக்கும் என்று காட்ட, முதல் வடிவத்தில் ஃபூவ்ரி என்ற பிரெஞ்சுக் கணிதர் 1985இல் நிரூபித்த கனமான முடிவு ஒன்றைத் துணைக்கு அழைத்தார்கள். கட்டுரையைப் படித்த எண்கோட்பாட்டு வல்லுநர் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா வழியை எளிமையாக்கினார். 2004இல் அச்சான வடிவத்தில் அவருடைய திருத்தம் சேர்ந்தது, நல்ல பி.எஸ்சி. மாணவர் ஒரு செமஸ்டர் உட்கார்ந்தால் படித்து முடிக்கக்கூடிய நிரூபணமாக அது ஆகிவிட்டது. நான் இறுதியாண்டு மாணவர்களோடு இரண்டு முறை படித்திருக்கிறேன். கடினம்தான், முடியாதது இல்லை.

அந்த ஊகம் என்ன ஆயிற்று

கடைசியில் நிரூபணம் 2001இன் ஊகத்தைப் பயன்படுத்தவே இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனது. அதோடு, லென்ஸ்ட்ராவும் பாமரன்ஸும் அந்த ஊகத்துக்கு விதிவிலக்குகள் எண்ணற்று இருக்கக்கூடும் என்று வலுவான காரணங்கள் சொன்னார்கள். அது நிரூபணம் அல்ல. ஆனால் ஆயிரம் கோடி வரை ஒன்றும் அகப்படவில்லை என்பதால் ஊகம் உண்மை என்று நம்பிவிட முடியாது என்று காட்டியது. கட்டுரையை எழுதிய மூவரும் இதை மறைக்கவில்லை. ஊகம், அதைச் சோதித்த எல்லை, அதற்கு எதிரான வாதம் எல்லாமே அச்சான கட்டுரையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

தவறாக இருக்க வாய்ப்புள்ள ஊகம் ஒன்றுக்காக இரண்டு அணி மாணவர்கள் உழைத்தார்கள். அந்த உழைப்பு இல்லாமல் அந்த வேறு வழி கண்ணில் பட்டிருக்குமா? பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். மடித்து மடித்துப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் மடிப்பை நிலைநிறுத்திவிட்டுக் கோவையை மாற்றலாம் என்று தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வங்கி அட்டை, பாதுகாப்பான இணையத் தொடர்பு போன்றவற்றில் பகா எண் தேடும்போது இந்தக் கான்பூர் முறையை யாரும் ஓட்டுவதில்லை. மில்லர்-ராபின் போன்ற குலுக்கல் சோதனைகள் அதைவிடப் பல மடங்கு வேகம். ‘இதனால என்ன யூஸ் சார்?’ என்று கேட்கிற மாணவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: உறுதியான வேகவழி இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. இருக்கிறது என்று தெரிந்தது. அறிவில் ஒரு சுவர் விழுந்தது.

நம் கல்லூரிகளில்

அங்கே நடந்ததை அப்படியே இங்கே நட முடியாது. அவர்கள் இருந்த வளாகம் வேறு, வழிகாட்டியின் நேரம் வேறு. வாரத்துக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வகுப்பெடுக்கிற ஆசிரியரிடம் போய் அகர்வாலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் தொடக்கம் எப்படி அமைந்தது என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இது பிந்தித்தான் புரிந்தது. ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஆர்வத்தோடு வந்த மாணவி ஒருவருக்கு நானே யோசித்து ஒரு புத்தம்புதுத் தலைப்பு கொடுத்தேன். எனக்கே அதில் முன்கட்டுரை தெரியாது. இரண்டு மாதம் நூலகத்தில் தேடினார். மூன்றாம் மாதம் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிப் போக ஆரம்பித்தார். தவறு முழுக்க என்னுடையது. கரை தெரியாத தண்ணீரில் இறக்கிவிட்டு நீந்து என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது யாராவது வந்தால் முதலில் போன ஆண்டு ரிப்போர்ட் ஒன்றைக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொல்கிறேன். அதில் ஒரு கணக்கையாவது மறுபடி போட்டுப் பார்த்து, எனக்குக் காட்ட வேண்டும். தவறு கண்டுபிடித்தால் இன்னும் நல்லது. பத்து பேர் ரிப்போர்ட் வாங்கிப் போனால் மூன்று பேர் திரும்பி வருவார்கள். அந்த மூன்று பேரோடு வாரம் ஒரு மணி நேரம், எந்த வாரமும் தவறாமல் உட்காருகிறேன். முன்னேற்றம் எதுவும் இல்லாத வாரத்தில் கட்டாயம் வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வெளியே வழிகாட்டி தேடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்டுக்குப் பண உதவி செய்கிறது. மும்பையில் ஹோமி பாபா மையம் இளநிலை மாணவர்களுக்கென்றே ஆய்வுத் திட்டம் வைத்திருக்கிறது. பேராசிரியர் யாருக்காவது நேரடியாகவும் எழுதலாம். ஆனால் ‘மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு உங்கள் துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு’ என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குத்தான் போகும். அவர் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை எடுங்கள். முதல் இரண்டு பக்கம் புரிந்தால்கூடப் போதும். அதில் ஒரு எடுத்துக்காட்டை நீங்களே போட்டுப் பாருங்கள். ‘இந்த இடத்தில் நான் இப்படிப் போட்டேன், எனக்கு இந்த விடை வருகிறது, நீங்கள் எழுதியது வேறாக இருக்கிறது, எங்கே தவறினேன்?’ என்று ஐந்து வரியில் கேளுங்கள். பதில் வரும். வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம், அடுத்தவரைப் பாருங்கள்.

பெயர் போடுவது பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். கான்பூர் கட்டுரையில் மூன்று பெயரும் ஆங்கில அகர வரிசையில் இருக்கின்றன. கணிதத்தில் அதுதான் வழக்கம். பேராசிரியர் பெயர் முதலில் வந்தது அவர் பெரியவர் என்பதால் அல்ல. 2001 அணி மேற்கோளில் இருக்கிறது. ஊகம் யாருடையது என்று கட்டுரை தெளிவாகச் சொல்கிறது. முதல் நாளே வழிகாட்டியிடம், ‘இது கட்டுரையானால் யார் யார் பெயர் வரும் சார்?’ என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற வழிகாட்டியிடம் சேராமல் இருப்பது நல்லது.

கடைசிப் பக்கம்

எங்கள் துறையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் முடிவுரைக்குப் பிறகு ‘முடியாதவை’ என்று ஒரு பக்கம் கட்டாயம். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எதைச் சோதித்தோம், எந்த எல்லை வரை, எங்கே நின்றோம், அடுத்த ஆண்டு வருகிறவர் எந்த இடத்தில் தொடங்கலாம்.

இரண்டு ஆண்டுக்கு முன்னால் ஒருவர் எழுதிய அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: 341 ஒரு குழியில் தப்பிக்கிறது, இரண்டு குழியில் தப்பிக்கிறது, மூன்று குழியிலும் தப்பிக்கிறது, அதற்கு மேல் போட நேரம் இல்லை. போன ஜூலையில் முதலாண்டு மாணவர் ஒருவர் அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் போனார். பத்தாம் நாள் நோட்டுப்புத்தகத்தோடு வந்தார். நான்கு குழி. பகா எண்ணாக இருந்தால் 1, 1, 0, 0 என்று வர வேண்டும். அவருக்கு வந்தது 0, 0, 1, 1. நான்கு குழி வைத்ததும் 341 மாட்டிக்கொண்டது. கீழேயே இன்னொரு வரி போட்டிருந்தார்: 561. அதுவோ தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்து ஃபெர்மா சோதனை செய்தாலும் தப்பித்துவிடுகிற பெரிய கள்ளன். ஒரு குழியில் தப்பித்திருந்தது, இரண்டில் தப்பித்திருந்தது, மூன்றாவதிலேயே பிடிபட்டிருந்தது. ‘இவ்வளவு பெரிய ஆளு 341க்கு முன்னாடியே ஏன் சார் மாட்டிக்கிச்சு?’ என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. 561ஐ மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டு அடுத்த புதன்கிழமை வரச் சொன்னேன்.